தொழில் கண்ணீர்

ஆம்பூரில் இருக்கிற எங்கள் ஷூ கம்பெனிக்கு இதயம் ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டிகளின் மேல் 'கவனமாகக் கையாளவும்' என்று எழுதியிருந்தது. இறக்கியவர்களுக்கு அதைப் படிக்க நேரமில்லை. ஒரு பெட்டி மூலை நசுங்கித்தான் உள்ளே போனது.

அதன் பெயர் 'உள்ளம்'. பெங்களூரில் செய்தது. ஆள் உயரத்துக்கு ஒரு தூண், தூணின் உச்சியில் கேமரா, அதன் கீழே திரை, திரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். நம் முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடும் என்றார்கள். கேட்டில் ஒன்று, செக்‌ஷனுக்கு ஒன்று என்று நட்டார்கள். எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் இப்போதெல்லாம் தோலைப் பற்றி விசாரிப்பதோடு நிறுத்துவதில்லையாம். தைத்தவர் சந்தோஷமாகத் தைத்தாரா என்றும் கேட்கிறார்களாம். தைத்தவரையே கேட்டிருக்கலாம். அது ஆடிட்டில் செல்லாது.

நான் கட்டிங் செக்‌ஷன். தொழிலாளர் பிரதிநிதியும்கூட. தேர்தல் நடந்த அன்று நான் லீவில் இருந்ததால் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கமிட்டி மீட்டிங்கில் டீ குடிப்பதும் தலையாட்டுவதும் என் பொறுப்பு. அந்தப் பதவியால்தான் பிறகு நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

திறப்பு விழாவில் ஹெச்.ஆர். மேனேஜர் கார்முகிலன் பேசினார். நன்றாகப் பேசுவார். ஒளிவுமறைவு தெரியாத மனிதர்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு இன்னொருத்தர் கேக்கணும். ஆனா உங்ககிட்ட வந்து கேக்க மேனேஜ்மென்ட்டுக்கு நேரம் கிடையாது. அந்தக் குறையைப் போக்கத்தான் இவ்ளோ செலவு பண்ணியிருக்கோம். இனிமே உங்க கஷ்டத்தை யார்கிட்டயும் நீங்க சொல்ல வேண்டியதில்ல. சொல்லவும் கூடாது. அது தானா தெரிஞ்சுக்கும்."

கைதட்டினோம். பிறகு பூசை. புது மெஷின் எது வந்தாலும் எங்கள் கம்பெனியில் பூசை போடாமல் ஓடாது. தையல் மெஷினுக்கும் பாய்லருக்கும் செய்ததையே இதற்கும் செய்தார்கள். எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சாம்பிராணி எல்லாம் ஆயிற்று. கடைசியில் கார்முகிலன் சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமத்தை எடுத்து, தூணின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தார். நெற்றி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பளபளவென்று வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது, அதில் வைத்தார். எல்லாத் தூணுக்கும் வைத்தார்.

பதினைந்து நிமிடத்தில் உள்ளம் வேலையைத் தொடங்கியது. யார் எதிரே நின்றாலும் முகம் சிவந்திருப்பதாகக் கண்டது. "கடுங்கோபம்" என்றது. தையலில் கடுங்கோபம், பேக்கிங்கில் கடுங்கோபம், கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் கடுங்கோபம். ஆபீஸுக்கு 'கிளர்ச்சி வெடிக்கலாம்' என்று செய்தி போயிற்று. மத்தியானத்துக்குள் கேட்டில் போலீஸ் ஜீப். இறங்கி வந்த சப் இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். அவரும் கடுங்கோபம்தான்.

கேட் வாட்ச்மேன் ஆபித் பாஷா தோளில் கிடந்த துண்டை எடுத்து, கேட் தூணின் கண்ணாடியைத் துடைத்துவிட்டார். அதைப் பார்த்து மற்றத் தூண்களையும் துடைத்தார்கள். உடனே எல்லோரும் சாதாரணமானார்கள். 'நிறுவப்பட்ட முதல் நாளே தொழிலாளர் அதிருப்தி முற்றிலும் நீங்கியது' என்று பையருக்கு மெயில் போயிற்று.

இதற்குப் பிறகுதான் எல்லம்மாவின் கதை.

எல்லம்மா மாதனூர்ப் பக்கம். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை அவள் குரல்தான் கேட்கும். வேலை பேஸ்டிங்கில். ஷூவின் மேல்பாகத் துண்டுகளுக்கு சொல்யூஷன் தடவி ஒட்டுகிற மேஜை அது. சொல்யூஷன் டப்பாவைத் திறந்தால் அந்த நெடி மூக்கில் ஏறி, கண்ணைச் சிவக்க வைத்து, தண்ணீராக இறங்கும். பேஸ்டிங்கில் இருக்கிறவர்கள் கண்ணீர் விட்டுக்கொண்டே சினிமாக் கதை பேசுவார்கள், கண்ணீர் விட்டுக்கொண்டே சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழகிய காட்சி. உள்ளத்துக்குப் புதுசு.

"எல்லம்மா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை" என்றது குரல்.

"அதான் தெரியுமே, பக்கத்துல பிரிசில்லா கீறாளே" என்றாள் எல்லம்மா.

மணி அடித்தது. ஆழ்ந்த துயரத்தில் இருப்பவரை உடனடியாக மகிழ்ச்சி அறைக்கு அழைத்துப் போகவேண்டும் என்பது விதி. அது பழைய ஸ்டோர் ரூம். சுவரில் அருவி வீடியோ ஓடும், ஊதுபத்தி எரியும். மூலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. பேஸ்டிங்கில் மாட்டுவதற்காக எப்போதோ வாங்கிப் பிரிக்காமலே விட்ட எக்ஸாஸ்ட் ஃபேன். எல்லம்மா அதன்மேல் உட்கார்ந்துதான் அருவி பார்த்தாள்.

அங்கே நெடி இல்லை. கண் உலர்ந்தது. 'குணமடைந்தார்' என்று காட்டியது. மேஜைக்குத் திரும்பினாள், டப்பாவைத் திறந்தாள், மறுபடியும் துயரம், மறுபடியும் மணி. ஒரே வாரத்தில் பேஸ்டிங் முழுக்க அருவி பார்க்கப் போய்விட்டது. லைனில் ஒட்டுவதற்கு ஆளில்லை.

பெங்களூரிலிருந்து ரோஷினி என்கிற உணர்வு நிபுணர் வந்தாள். சின்னப் பெண், மரியாதையான பெண். எல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, உள்ளுக்குள்ள என்ன இருக்கு? சொல்லுங்க."

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. சொல்யூஷன் நெடி. ஒரு ஃபேன் போட்டா போதும்."

"நிறைய பேர் இப்படித்தான் மறைப்பாங்க. உங்க முகம் பொய் சொல்லாதுக்கா."

"ஃபேன் அதோ அந்த ரூம்லயே கீது. அது மேலதான் குந்தினு இருந்தேன்."

கார்முகிலன் குறுக்கிட்டார். "ஃபேன் மாட்றதுக்கு பட்ஜெட் இல்லம்மா. மனசுக்குத்தான் இருக்கு."

ரோஷினி யோசித்து, பெங்களூருக்குப் பேசி, ஒரு திருத்தம் செய்தாள். பேஸ்டிங் ஆட்கள் கண்ணில் எந்த நேரம் எந்த இடத்தில் நீர் வந்தாலும் அதைத் துயரமாகக் கொள்ளக்கூடாது. அதற்கு உள்ளம் ஒரு புதுப் பெயரும் கற்றுக்கொண்டது. தொழில் கண்ணீர். அன்றிலிருந்து எல்லம்மா எதிரே வந்தால், "தொழில் கண்ணீர். கவலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கும். உற்பத்தி பழைய நிலைக்கு வந்தது. கமிட்டியில் இதைப் பாராட்டித் தீர்மானம் போட்டோம். நானும் தலையாட்டினேன்.

மாசி மாதம் ஒரு காலையில் ஆபித் பாஷா கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அவர் அப்படி வருகிறவர் இல்லை. எங்கள் செல்போன்களெல்லாம் கேட்டில் அவரிடம்தான் இருக்கும். எல்லம்மாவின் மேஜை அருகில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஊர்லேருந்து போன் வந்துச்சும்மா. உங்கப்பாரு…"

அவள் அப்பா துரைசாமி ஆற்காடு தாண்டி, கலவைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். எல்லம்மா ஒரே மகள். மகள் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். ஆம்பூரிலிருந்து கலவை போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் சூப்பர்வைசரிடம் சொன்னால் கேட் பாஸ் எழுதிக் கொடுப்பார். இப்போது துக்க விடுப்பை உள்ளம்தான் உறுதி செய்ய வேண்டும். ஒரே தாத்தாவை மூன்று முறை சாகடித்தவர்கள் எங்களில் உண்டு என்பதால் நாங்களே ஒப்புக்கொண்ட விதி.

எல்லம்மாவைக் கேட் மெஷின் முன்னால் கொண்டு போய் நிறுத்தினோம். பிரமை பிடித்தவளாக நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"சாதாரணம்" என்றது உள்ளம். "இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

"அழுவுடி" என்றாள் பிரிசில்லா. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எல்லம்மா, அப்பா போய்ட்டாருடி. அழுவு."

அப்போதுதான் அது எல்லம்மாவுக்குள் இறங்கியது. "எப்பா…" என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்றது.

"தொழில் கண்ணீர். கவலை வேண்டாம்."

பிரிசில்லா மெஷினைக் காலால் உதைத்தாள். எல்லம்மா அலறினாள். அந்த அலறலுக்கு, "கோபம். ஆலோசனை பெறவும்" என்றது.

கார்முகிலன் வந்தார். நான் பிரதிநிதி என்கிற முறையில் பேசினேன்.

"சார், இன்னா சார் இது? பாத்தாலே தெரியல?"

"எனக்குத் தெரியுதுங்க. நான் நம்புறேன். ஆனா நான் நம்புறதை எங்க ஏத்துறது? சிஸ்டத்துல அதுக்கு எடமே இல்லையே."

"நீங்க மேனேஜர்தானே சார். போகச் சொல்லுங்க."

"நான் போகச் சொன்னா, மெஷின் சொன்னதை மனுஷன் மீறிட்டான்னு பையருக்குப் போவும். இத்தனை செலவு பண்ணி மெஷின் வாங்கினதே, மனுஷனை நம்ப வேண்டாம்னுதான்."

பெங்களூரைக் கேட்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் பதில் வந்தது. நிபந்தனை அனுமதி. உள்ளத்தின் ஆப் இருக்கிற கம்பெனி போனுடன் ஒரு சாட்சியும் கூடப் போகவேண்டும். துக்கம் நிகழும் இடத்தில் ஆப் அதை உணர்ந்து உறுதி செய்யும். சாட்சி நான்.

வேலூரில் இறங்கிக் கோடி எடுத்தோம். ஆற்காட்டில் பஸ் மாறும்போது அவள் புருஷன் போன் செய்தான். தூக்குவதற்குத் தயாராக இருக்கிறார்கள், சீக்கிரம் வா என்றான். எல்லம்மா கோடித்துணியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"எங்கப்பாவுக்கு மேளம்னா உசுருண்ணே. ஊர்ல எந்தச் சாவு வுழுந்தாலும் மேளத்துக்கு முன்னாடி அவருதான் ஆடுவாரு. நான் போனா நீ அழுதுனு நிக்காதடி, ஒரு ஆட்டம் ஆடி அனுப்புன்னு சொல்லுவாரு. வாயப் பொத்துப்பான்னு திட்டுவேன்."

நாங்கள் ஊருக்குள் நுழையும்போது பாடை தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தது. பெண்கள் அதற்கு மேல் போகமாட்டார்கள். எல்லம்மா ஓடினாள். அவளைப் பார்த்ததும் இறக்கினார்கள். கோடியைப் போர்த்தினாள், முகத்தைத் தடவினாள், சுற்றி வந்தாள். மேளக்காரர்கள் துரைசாமிக்குத் தெரிந்தவர்கள், அடியை மாற்றினார்கள். எல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள்.

அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. தலைமுடி அவிழ்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, "எப்பா…" என்று கூவி, வாய் கோணி, பல் தெரிய, மேளத்தை எதிர்த்து எதிர்த்து ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். பூவை வாரி இறைத்தார்கள், சரவெடி வெடித்தது. அப்போது என் கையில் இருந்த போன் கிணுகிணுத்தது. திரை முழுக்கக் கலர் காகிதம் கொட்டியது.

"வாழ்த்துகள்! பேரானந்தம் கண்டறியப்பட்டது. திருவிழாவை மகிழ்ந்து கொண்டாடுங்கள்."

போனைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டேன். அங்கேயும் அது வாழ்த்திக்கொண்டுதான் இருந்தது.

எல்லம்மா வேலைக்குத் திரும்பிய அன்று கார்முகிலன் கூப்பிட்டனுப்பினார். குற்றச்சாட்டு: பொய்த் துக்கம் சொல்லித் திருவிழாவுக்குப் போனது. தண்டனை: வேலை நீக்கம்.

"சார், நான் கூடவே இருந்தேன். பொணத்தைக் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நீங்க பாத்தது உங்க அபிப்பிராயம். இது டேட்டா."

எல்லம்மாவின் சம்பளத்தில்தான் அவள் மகள் வேலூர் பாகாயத்தில் நர்சிங் படிக்கிறாள்.

அவளைக் காப்பாற்றியது பையர். அவர்களுக்கு ஷூ செய்கிற கம்பெனிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. எல்லாவற்றிலும் உள்ளம் இருக்கிறது. எந்த நாட்டிலும் எந்தத் தொழிலாளியும் காட்டாத அளவு ஆனந்தத்தை ஆம்பூரில் ஒரு பெண் காட்டியிருக்கிறாள், அவளைப் பார்க்க வருகிறோம் என்று மெயில் வந்தது. கார்முகிலன் வேலை நீக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு 'ஆண்டின் ஆனந்தத் தொழிலாளி' விருதுக்கு ஷீல்டு ஆர்டர் செய்தார்.

"விழா என்னிக்கு சார்?" என்று கேட்டாள் எல்லம்மா. சொன்னார். அவள் முகம் மாறியது. "அன்னிக்கு எங்கப்பாவுக்குக் காரியம் சார். நான் போய்த்தான் படைக்கணும்."

"விழா முடிஞ்சதும் போலாம். நீ மேடையில நிக்கலன்னா அந்தக் கடிதத்தைத் திரும்ப அடிக்க வேண்டியதா ஆயிடும். புரியுதா? கொஞ்சம் சிரிச்ச மாதிரி வாம்மா."

விழா அன்று புது ஷெட்டில் ஷாமியானா. எங்கள் எல்லோருக்கும் அன்று மட்டும் போட்டுக்கொள்ள நாங்கள் செய்த ஷூவையே கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். மேடையில் எல்லம்மா, அவள் எதிரே ஒரு உள்ளம், பின்னால் பெரிய திரையில் அவள் முகம். கார்முகிலன் மைக்கைப் பிடித்தார்.

"துக்கம்ங்கிறது பழைய காலத்து விஷயம். அதை அளக்க முடியலன்னா அது இல்லைன்னுதான் அர்த்தம். எல்லம்மா வாழ்க்கையிலயே சந்தோஷமான நாள் எதுன்னு அவங்களுக்கே தெரியாது. நமக்குத் தெரியும். அந்த நாளோட சத்தத்தை நம்ம உள்ளம் பத்திரமா வச்சிருக்கு. கேளுங்க."

ரோஷினி பொத்தானை அழுத்தினாள். ஷெட் அதிர மேளம் வந்தது.

முதல் அடியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. சாவு மேளத்தைத் தெரியாத காது எங்கள் பக்கம் கிடையாது. தெருவில் பாடை போனால் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருப்பார், காலில் இருப்பதைக் கழற்றிவிட்டு நிற்பார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பிரிசில்லா எழுந்தாள். பேஸ்டிங் எழுந்தது, தையல் எழுந்தது, கட்டிங் எழுந்தது. குனிந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றோம்.

வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய மரியாதையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அவர்களும் எழுந்து, மேளத்துக்கு ஏற்றபடி கைதட்டினார்கள்.

மேளத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. "எப்பா…" ஒலிபெருக்கியில் எல்லம்மாவின் குரல்தான். மேடையில் நின்ற எல்லம்மா அதைக் கேட்டாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததைப் பெரிய திரையில் எல்லோரும் பார்த்தோம். அதன் கீழே எழுத்து வந்தது: 'தொழில் கண்ணீர். கவலை வேண்டாம்.'

கார்முகிலன் அவசரமாகப் பொன்னாடையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினார். "ஆனந்தக் கண்ணீர்" என்று வெள்ளைக்காரர்களுக்கு விளக்கினார்.

எல்லம்மா தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தாள். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எதிரே இருந்த உள்ளத்தின் தலையிலிருந்து போர்த்தினாள். கோடி போடுகிற மாதிரியே ஓரங்களை இழுத்து விட்டாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். திரை இருண்டது. "என்னால் யாரையும் பார்க்க முடியவில்லை" என்றது துணிக்குள்ளிருந்து குரல். "யாராவது இருக்கிறீர்களா?"

எல்லம்மா தன் ஷூவையும் மேடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி, வெறுங்காலோடு கேட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கேட்டில் இருந்த உள்ளத்தின்மேல் ஆபித் பாஷாவின் துண்டு ஏற்கெனவே கிடந்தது. அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போம்மா. பஸ்ஸு இருக்குது" என்று கேட்டைத் திறந்தார்.

அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது படையல் ஆறிப்போயிருந்தது. ஆனாலும் அவளுக்காக வைத்திருந்தார்களாம்.

எல்லம்மாவுக்கு வேலை போகவில்லை. தூணுக்குத் துணி போர்த்தி எல்லோரும் மௌனமாக நின்றது வெள்ளைக்காரர்களை உருக்கிவிட்டது. துக்கத்துக்கு மரியாதை செலுத்தும் புது வசதி அது என்று ரோஷினி அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். இப்போது பல கம்பெனிகளுக்கு அதைத் தனி விலைக்கு விற்கிறார்கள், துணியோடு சேர்த்து. கார்முகிலனுக்குப் பதவி உயர்வு. ஃபேன் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரியம் முடிந்து எல்லம்மா வேலைக்கு வந்த காலையில் நான் பேஸ்டிங் பக்கம் போயிருந்தேன். வேலை தொடங்கும் மணி இன்னும் அடிக்கவில்லை. அவள் மட்டும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"தொழில் கண்ணீர். கவலை வேண்டாம்" என்றது உள்ளம்.

சொல்யூஷன் டப்பாவை அவள் இன்னும் திறக்கவே இல்லை.